வெளித் தாழ்ப்பாள்

என் வாயைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வரிசையைத் தாண்டிப் பஸ்ஸில் ஏறுகிறவனையும் விட்டதில்லை, என் மகளின் விடைத்தாளைத் தப்பாகத் திருத்திய மேடத்தையும் விட்டதில்லை. ஒன்றரை ஆள் நிற்கிற அளவில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் நகல் எடுக்க வருகிறார்களா, உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வருகிறார்களா என்று என் வீட்டுக்காரர் கேட்பதுண்டு. அப்படிப்பட்ட நான் பதினொரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் அது விளங்காது.

அவரை ஊரே 'ஷட்டர்' என்றுதான் கூப்பிடும். கடைகளுக்கு இழுத்து மூடும் ஷட்டர், கிடங்குகளுக்குத் தகரக் கதவு, மருந்துக் கடைக்கு மடக்குக் கதவு. முப்பது வருஷமாக இதுதான் வேலை. என் கடையை ஒட்டியே அவருடைய பட்டறை. காலையில் வெல்டிங் பொறி பறக்க ஆரம்பித்தால் என் மெஷினில் எழுத்து மங்கும்; நான் கத்துவேன், அவர் ஐந்து நிமிஷம் நிறுத்துவார், அப்புறம் ஆரம்பிப்பார். எங்கள் குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் இந்தச் சுவரின் இரண்டு பக்கமும்தான் நடந்திருக்கிறது.

வேலையில் அவர் நூல் பிடித்தாற்போல் இருப்பார். ஒரு கீல் மயிரிழை சாய்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுவார். ஆனால் ஷட்டர் ஒழுங்காக ஏறி இறங்குகிற வரைக்கும் யாருக்கும் அவர் ஞாபகம் வராது. அது பாதியில் சிக்கிக்கொண்டால்தான் போன் வரும், அதுவும் திட்டிக்கொண்டே வரும். அவருடைய அப்பா இருந்தவரை 'கோணல்' என்றுதான் கூப்பிட்டார். பாங்கில் வேலை பார்க்கும் என் அண்ணன் எங்கள் கல்யாணத்திலேயே இவரைத் தன் நண்பர்களிடம் "மாப்பிள்ளை தகரம் தட்டுறார்" என்று சொல்லிச் சிரித்தான். இவரும் கூடவே சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷனை ஒரு நாளாவது ஒருத்தராவது நன்றாகச் செய்தாய் என்று சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கியிருக்கிறேன். நானே சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை.

போன வருஷம் ஒரு பல் டாக்டரின் ஷட்டரைச் சரிசெய்யப் போனவர், திரும்பி வரும்போது ஆளே மாறி வந்தார். அந்த டாக்டரும் சிலரும் ஞாயிறுதோறும் அகதி முகாமுக்குப் போய் வேலை செய்கிறார்களாம். ஊருக்கு வெளியே பழைய கிடங்குகளின் வளாகத்தில் எல்லை தாண்டி வந்த நூற்றுப்பத்துக் குடும்பங்கள் இருந்தன. தகரத் தடுப்புகள்தான் அறைகள். டாக்டரின் ஆட்கள் அடைத்துக்கொண்ட சாக்கடையைத் தோண்டியிருந்தார்கள், கூரை மாற்றியிருந்தார்கள், சேற்றில் நடக்கக் கல் பாவியிருந்தார்கள். பன்னிரண்டு குளியலறை, பன்னிரண்டு கழிப்பறை. இருபத்து நான்குக்கும் சாக்குப் படுதாதான். கதவு வேண்டும், செய்ய முடியுமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"என்னைக் கேட்டார்டி. உங்களால மட்டும்தான் முடியும்னு சொன்னார்" என்றார்.

"நம்ம வீட்டு பாத்ரூம் கதவு ரெண்டு வருஷமா தரையில இழுத்துக்கிட்டு நிக்குது. அதுக்கு எந்த ஞாயித்துக்கிழமை சமூக சேவை?" என்றேன்.

சிரித்தாரே தவிர, அந்தக் கதவைத் தொடவில்லை. முகாமில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததால் கதவுகளைப் பட்டறையிலேயே முழுசாகச் செய்துவிட்டார். சட்டம், தகரம், கீல், தாழ்ப்பாள் எல்லாம் இங்கேயே பற்றவைத்து, நான்கு ஞாயிறுகளில் ஆறு ஆறாக வண்டியில் ஏற்றிப் போய் மாட்டினார்கள். கடைசி வாரம் டாக்டர் ஒவ்வொரு கதவாகச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, எடுத்துப் பார்த்தாராம். 'டக்'கென்று வெண்ணெய் மாதிரி விழுகிறது என்று மெச்சினாராம். அந்த 'டக்'கை என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது இரண்டு முறை வாயால் செய்து காட்டினார்.

அடுத்த ஞாயிறு திறப்பு விழா. நானும் போனேன். ஒரு ரிப்பன், ஒரு மைக், பிளாஸ்டிக் நாற்காலிகள். முகாம் ஜனங்கள் தரையில் உட்கார்ந்து கை தட்டினார்கள். பேச்சு நீண்டுகொண்டே போனது. எங்களுக்கு அவசரம் என்றால் போக முகாம் ஆபீஸ் கழிப்பறை இருந்தது. சாவி டாக்டரிடம் இருக்கும். இத்தனை மாதமும் வேலை செய்தவர்கள் எல்லோரும் அங்கேதான் போயிருக்கிறார்கள். எனக்கு மட்டும் அவர் செய்த கதவை உள்ளே இருந்து பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. எழுந்து போனேன்.

குளியலறை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். தன் இரட்டைப் பிள்ளைகளின் காகிதங்களை நகல் எடுக்க என் கடைக்கு ஒருமுறை வந்தவள். "போங்கக்கா, நான் பிடிச்சுக்கறேன்" என்றாள். என்னத்தைப் பிடிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கை தானாகத் தாழ்ப்பாளைத் தேடியது. வழவழவென்று தகரம். மேலே தடவினேன், கீழே தடவினேன். ஒன்றும் இல்லை. ஓரத்தில் ஆணியால் குத்திய ஓர் ஓட்டை, அதில் ஒரு நீலக் கயிறு. அவ்வளவுதான். கதவு மெல்ல வெளிப்பக்கம் திறந்துகொள்ளப் பார்த்தது. அந்தப் பெண் வெளியே இருந்து அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள்.

நிமிஷத்தில் புரிந்துவிட்டது. முப்பது வருஷமாக அவர் செய்த கதவு எல்லாம் வெளியே நின்று பூட்டுகிற கதவு. கடைக்குள் யார் இருந்துகொண்டு பூட்டப் போகிறார்கள்? கிடங்குக்குள் மூட்டைதான் இருக்கும். யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே தலையில் அடித்துக்கொண்டிருப்பார். யாரும் கேட்கவில்லை, கை தன் பழக்கத்துக்கு வேலை செய்துவிட்டது. பல் டாக்டர் வெளியே நின்றே 'டக்'கைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். எங்களில் ஒருத்தர்கூட, ஒரு தடவைகூட, உள்ளே போய்ச் சாத்திப் பார்க்கவில்லை.

வெளியே வந்து அவளிடம் கேட்டேன். "உள்ள தாழ்ப்பாளே இல்லையே, எப்படிம்மா குளிக்கிறீங்க?"

"ஒரு கையில கயிறு, ஒரு கையில குவளைக்கா. பழகிருச்சு. யாராவது துணைக்கு வந்தா வெளியே பிடிச்சுக்குவாங்க."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எதைக்கா?"

"தாழ்ப்பாள் தப்பா இருக்குன்னு."

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "தப்பா? நாங்களா உள்ள பூட்டிக்கக் கூடாதுன்னுதானேக்கா வெளியே வெச்சிருக்கீங்க? சாயங்காலம் ஆள் எண்ணும்போது ஆபீஸ்ல திறந்து பார்க்கணும்ல."

வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தோம் என்று நூற்றுப்பத்துக் குடும்பமும் நினைத்திருக்கிறது. நினைத்துக்கொண்டே கை தட்டியிருக்கிறது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் மேடைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தேன். அந்த நேரம் பார்த்து டாக்டர் இவர் தோளில் கை போட்டு மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். "இவர் கை பட்டதாலதான் இந்த இடத்துக்கு ஒரு மானம் வந்திருக்கு" என்றார். ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்து இரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என் கால் நின்றுவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது, "உங்க அண்ணனுக்கு ஒரு போட்டோ அனுப்பேன்" என்றார். அனுப்பினேன். அண்ணன் கைகூப்புகிற படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினான். அதை அவர் வாங்கி இரண்டு முறை பார்த்தார்.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். நாலு ஸ்க்ரூ வேலைதானே என்றும் நினைத்தேன். அவர் மனசு கொஞ்சம் ஆறட்டும், அந்தச் சந்தோஷம் பழசாகட்டும் என்று சாக்குமேல் சாக்குச் சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு தலைவலி என்று படுத்துக்கொண்டேன். அவரும் ஒரு கடைக்கு ஷட்டர் மாட்டப் போக வேண்டியிருந்ததால் முகாமுக்குப் போகவில்லை. நடுவில் அந்தச் சான்றிதழை என் கடையில் கொடுத்து லேமினேட் செய்யச் சொன்னார். செய்தேன். ஓரம் கோணாமல், உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல், தெரிந்தே என் கையால் செய்தேன். இதை எழுதும்போதுகூட அந்தச் சூடு விரல் நுனியில் இருக்கிறது.

பதினோராம் நாள் வியாழக்கிழமை காலை. கடை போன் அடித்தது. இரட்டைப் பிள்ளைக்காரி.

"அக்கா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கணும். ஒரே ஒரு உதவி. டீச்சர் ஓடிப் போகலை, உள்ளதான் இருந்தாங்கன்னு உங்கள்ல யாராவது ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?"

டீச்சரை எனக்குத் தெரியும். தன் நாட்டில் ஓர் ஆரம்பப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக இருந்தவர். முகாமின் நடைபாதையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பார். போன் வந்ததற்கு முந்தின நாள் மத்தியானம் அவர் குளிக்கப் போயிருக்கிறார். பிள்ளைகள் திருடன் போலீஸ் விளையாடிக்கொண்டே ஒன்பதாம் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு ஓடிவிட்டார்கள். ஐந்து மணிக்கு எண்ணிக்கை எடுத்தபோது ஓர் ஆள் குறைந்தது. முகாமையே புரட்டிப் போட்டுத் தேடியிருக்கிறார்கள். ஐந்தரைக்கு அந்தக் கதவைத் திறந்தால், கவிழ்த்த வாளிமேல் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருக்கிறார். மூன்று மணி நேரம். ஒரு சத்தம் போடவில்லை, ஒரு தட்டுத் தட்டவில்லை. அதற்குள் பதிவேட்டில் அவர் பேருக்கு நேரே 'ஆள் இல்லை' என்று ஏறிவிட்டது. அப்படி ஏறினால் ஒரு மாதத்துக்கு வெளியே போகப் பாஸ் கிடையாது. டீச்சருக்கு அந்தப் பாஸ் சனிக்கிழமைக்கு வேண்டும். அவருடைய அக்கா ஊருக்குள் ஆஸ்பத்திரியில் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார். சனிக்கிழமை தோறும் போய்ப் பார்க்கிற ஒரே ஆள் இவர்தான்.

போனை வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போனேன். அவர் தகரம் வெட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"உள்ள தாழ்ப்பாள் இல்லையா?"

"இல்லைங்க."

தன் கையைப் பார்த்தார். காற்றில் ஒரு கதவைப் பிடித்து மாட்டுவது மாதிரி கையைக் கொண்டுபோனார், பாதியில் நிறுத்தினார். "இருபத்து நாலுமா?"

"இருபத்து நாலும்."

இரும்புக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்தார். "உனக்கு எப்போ தெரியும்?" என்றார்.

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். "திறப்பு அன்னிக்கே தெரியும்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "சொல்லாம இருந்தியா? நீயா?" என்றார். அந்த 'நீயா'வுக்குப் பதிலாக நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு கடையையும் சாத்திவிட்டுக் கிளம்பினோம். தாழ்ப்பாள் பெட்டி, டிரில், அறுக்கிற மெஷின் எல்லாம் எடுத்துக்கொண்டார். டாக்டருக்கு அவரே போன் செய்து, "தப்பு என்னோடது" என்று மட்டும் சொன்னார். முகாம் ஆபீசில் மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றோம். இவர் கையைக் கட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

"பதிவேட்டுல ஏறினது ஏறினதுதான். அடிச்சுத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை" என்றார் அந்த ஆள்.

என் வாயை முழுசாகத் திறந்துவிட்டேன். மனுஷத்தன்மை இருக்கிறதா, உங்கள் வீட்டுப் பெண்களாக இருந்தால் இப்படிச் செய்வீர்களா என்று ஆபீசே அதிரக் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அம்மா, தாழ்ப்பாளை வெளியே வெச்சது நீங்க. நான் இல்லை."

தாழ்ப்பாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்து நாலரை வரைக்கும் வேலை நடந்தது. வெளித் தாழ்ப்பாளை அறுத்தெடுத்து, உள்ளே துளை போட்டு, புதுசு மாட்டினார். ஒவ்வொன்றையும் தானே உள்ளே போய்ச் சாத்திப் பூட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நான் ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதாம் கதவு முடிந்தபோது டீச்சர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"எங்களால உங்களுக்கு ஒரு நாள் வேலை கெட்டுப் போச்சு தம்பி" என்றார்.

இவர் சொம்பை வாங்காமல் நின்றார். "தப்பா மாட்டினது நான்தாம்மா."

"பரவாயில்லை. கதவுன்னா வெளியே இருந்து பூட்டுறதுன்னு உங்களுக்குப் பழக்கம். எங்களுக்கும் அதான் பழக்கம்."

என்னால் இருக்க முடியவில்லை. "ஏன் டீச்சர், ஒரு குரல் கொடுத்திருக்கலாமே? யாராவது ஓடி வந்திருப்பாங்களே?"

"யாரு பூட்டினாங்கன்னு தெரியாம யாரைம்மா கூப்பிடுறது?" என்றார். பிறகு பாடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்: "எங்க ஊர்ல ஒரு தடவை எங்களை ஸ்கூலுக்குள்ள வெச்சுப் பூட்டினாங்க. கூப்பிட்டவங்களைத்தான் முதல்ல வெளியே இழுத்துட்டுப் போனாங்க."

இவர் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன்: "எனக்கு முன்னாடியே தெரியும் டீச்சர். திறப்பு அன்னிக்கே தெரியும். இவருக்குச் சங்கடமா இருக்குமேன்னு சொல்லாம விட்டுட்டேன்."

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். கோபித்துக்கொண்டிருக்கலாம், நான் அவர் இடத்தில் இருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். "அதனால என்னம்மா, இப்பதான் வந்துட்டீங்களே" என்றார். பிறகு தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டார். சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? விழுந்ததில் அக்காவுக்குத் தோளும் பிசகியிருந்தது, கையைத் தலைவரைக்கும் தூக்க முடியாது, தலை சீவிப் பின்னிவிட வேண்டும். "பாஸ் நின்னு போனதைச் சொல்லிடாதீங்க. அவ தாங்க மாட்டா. சளி பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க."

சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். நீளமான வார்டு, ஜன்னலை ஒட்டிக் கடைசிக் கட்டில். அந்த அம்மா டீச்சரைவிட ஏழெட்டு வயது பெரியவர். முகம் அப்படியே அச்சு. தங்கச்சிக்குச் சளி, அடுத்த வாரமும் வர முடியாது போலிருக்கிறது என்று நான் சொன்னேன். "நீங்க யாரு?" என்று கேட்டார். முகாமில் வேலை செய்கிறவர்கள் என்றேன். என்ன வேலை என்றார். என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாமல், "கதவு மாட்டினேங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நீதானா அது? என் தங்கச்சி சொன்னா தம்பி" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வாரம் முன்னாடி வந்து சொன்னா. 'கதவு வந்துருச்சுக்கா. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, நேரம் போறதே தெரியாம குளிக்கிறேன். யாரும் வந்து தட்டறதில்லை'ன்னா. நாலு வருஷத்துல நான் அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்."

இரண்டு வாரம் முன்னால் டீச்சர் ஒரு கையில் நீலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளித்திருக்கிறார்.

இவர் வாய் திறந்தது. சொல்லிவிடப் போகிறார் என்று தெரிந்தது. அந்த அம்மாவின் தலைக்குப் பின்னால் சீப்போடு நின்ற நான், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வாயை மூடிக்கொண்டார்.

"தாழ்ப்பாள் எவ்வளவு பெருசுப்பா?" என்று கேட்டார் அந்த அம்மா.

இவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினார். "இவ்வளவு நீளம்மா."

"வெளியே இருந்து யாரும் திறக்க முடியாதில்ல?"

"முடியாதும்மா."

"நல்லா இருப்பே" என்றார்.

நான்கு சனிக்கிழமை போனோம். பாஸ் வராத அந்த மாதம் முழுக்க அந்த அம்மா இவரை விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சொன்னார், நர்சிடம் சொன்னார், மருந்து கொண்டுவரும் ஆளிடம் சொன்னார். நான்காவது வாரம் நாங்கள் உள்ளே நுழைந்ததும், நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். "என் தங்கச்சி மானத்தைக் காப்பாத்தின கை இது, காட்டு தம்பி" என்றார் அந்த அம்மா. இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். கூச்சப்படுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் நிமிராமல் பின்னலைப் பின்னிக்கொண்டிருந்தேன்.